வீழ்ச்சியும் எழுச்சியும்

பதவியுயர்வு கைநழுவுதலும், தேர்விலே தோல்வியுறுதலும், முதலிட்ட தொழில் முடங்குதலும் எவர்க்கும் நேர்வன. அக்காலை உள்ளந் தளராதிருத்தல் எங்ஙனம்? விடை தேடி நாம் தொலைதூரஞ் செல்ல வேண்டுவதில்லை.

நல்லூர் ஆறுமுக நாவலர், சைவப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலேயே ஆங்கிலமுங் கற்றல் வேண்டுமெனக் கருதி, 1872ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டால் நான்காண்டுகளில் அது மூடப்பட்டது. நாவலர் சோர்ந்திருந்தாரல்லர். பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். 1879இல், பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபைக்குச் செல்ல உழைத்தார். அவ்வாண்டிலேயே மறைந்தார்.

அவர் எண்ணம் மறைந்திலது. 1888இல் சைவபரிபாலன சபை தோன்றியது. அதன் ஆதரவில் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நிலைபெற்றது. ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பின்வந்தோர் நோக்கத்தைக் கைவிட்டாரல்லர், முறையையே மாற்றினர். பெரும்பாலும் ஒருவர் தோளில் நின்ற சுமையைப் பலர் கூடித் தாங்கினர்.

ஆதலின், வீழ்ந்தவனை நோக்கி, “மனந் தளராதே” என்று கூறியமைதல் போதாது என்பதே எம் கருத்து. தோல்வியின் காரணத்தை ஆராய்ந்து வழியை மாற்றுதல் அவன் கடன். எழுமளவும் தோள் கொடுத்தல் நம் கடன்.

மாணவர்காள்! தோல்வியை மறைத்து நாணித் தனித்திராதீர். உங்கள் ஆசிரியரிடம் உரையுங்கள். பழைய மாணவர்களே! வெற்றி பெற்றாரைப் பாராட்ட விழாக் கூட்டுகின்றோம், அது நன்று. வேலையிழந்த நம் தோழன் வீட்டுப் படலையைத் திறந்து செல்வோமாயின், அது அதனினும் நன்று.