"மாஷா அல்லாஹ், சூப்பர்" போதாது

அக்குறணையிலோ மடவளையிலோ ஒரு பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கிட்டாரோடு ஒரு பாட்டைப் போனில் பதிந்து வட்ஸ்அப்பில் போட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்கிறது. பாதிப்பேர் "மாஷா அல்லாஹ், சூப்பர்". மீதிப்பேர் "படிக்கிற வேலையைப் பார்". இசை கூடாது என்போர் அதை நேரே சொல்லட்டும். அது வேறு விவாதம். மற்றவர்கள் பாட்டை முழுசாகக் கேட்டீர்களா?

ஆசிரியர்களான நாங்கள் கேட்கிறோம்: கட்டுரைக் கொப்பியில் "சூப்பர்" என்று மட்டும் எழுதித் தந்தால் எங்களைச் சும்மா விடுவீர்களா? க.பொ.த. சாதாரண தரத்தில் கர்நாடக, கீழைத்தேய, மேலைத்தேய சங்கீதம் மூன்றும் பாடங்கள். புள்ளி போடலாம் என்றால் பிழையும் சொல்லலாம்.

சொல்ல எவ்வளவோ உண்டு. போன் கிட்டாருக்குப் பக்கத்தில் இருக்கிறது, குரல் அமுங்குகிறது. டைல்ஸ் அறை எதிரொலிக்கிறது, திரைச்சீலை உள்ள அறையில் பாடு. தகரத்தில் மழை விழும்போது பதியாதே. இரண்டாம் அடியில் சுருதி இறங்குகிறது. "வழி" என்பது "வலி" என்று கேட்கிறது.

சேலத்தில் பிறந்த மொஹிதீன் பெய்க்கைச் சிங்களப் பாடகராகவே இந்த நாடு கொண்டாடியது. எங்கள் பிள்ளையின் 3 நிமிடப் பாட்டை எங்களால் கேட்க முடியாதா? வெறும் புகழ்ச்சியில் மயங்கினாலும் ஏச்சில் சுருங்கினாலும் அந்தப் பிள்ளையின் பாட்டு அங்கேயே நின்றுவிடும். கேளுங்கள். பிறகு ஒரு நல்லதும் ஒரு பிழையும் சொல்லுங்கள்.