சௌடய்யா அரங்கமும் மறந்துபோன குரலும்

இத்தாலிய ஓபரா பாடுமுறையை யுனெஸ்கோ 2023 டிசம்பரில் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை இயல்பாகச் சென்றடையுமாறு குரலைப் பழக்குவதே அம்முறையின் சாரம். இத்தகைய குரற்பயிற்சி தென்னிந்திய இசைக்கு அந்நியமானது, இங்கே கமகத்தின் நுட்பமே எல்லாம் என்றொரு வாதம் இசைக் கல்வி வட்டாரங்களில் உலவுகிறது. அது வரலாற்றுக்குப் புறம்பான வாதம்.

சான்று மல்லேஸ்வரத்திலேயே நிற்கிறது. அங்கு 1980இல் திறக்கப்பட்ட, வயலின் வடிவிலான சௌடய்யா நினைவு அரங்கம், மைசூர் டி. சௌடய்யாவின் (1895–1967) பெயரைத் தாங்கியது. செம்பை வைத்தியநாத பாகவதர் முதலியோருக்குப் பக்கம் வாசித்த அவர், நான்கு தந்தி வயலினில் மேலும் மூன்று தந்திகளைப் பூட்டினார். ஒலிபெருக்கி இல்லாத அரங்கில் வயலின் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்பதே காரணம். வாத்தியமே தன் அமைப்பை மாற்றிக்கொள்ள நேர்ந்தது என்றால், அதற்கு ஈடாக ஒலித்த குரல்கள் எத்தகைய பயிற்சியால் உருவாகியிருக்க வேண்டும்? அவர் பெயரிலான அரங்கில் இன்று கச்சேரிகள் ஒலிபெருக்கியை நம்பியே நடைபெறுகின்றன.

நாடக மேடை இன்னும் வலிய சான்று. 1884இல் தொடங்கிய குப்பி நாடகக் கம்பெனி கன்னட நாட்டிலும், சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை நடித்த குழுக்கள் தமிழ்நாட்டிலும், கதையையும் நடிப்பையும் பாட்டையும் ஒன்றாக்கிக் கொட்டகைகளை நிறைத்தன. ஓபராவுக்கு இம்மண்ணில் நெருங்கிய உறவு இதுவே. 1933இல் 27 வயதில் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவும், கே. பி. சுந்தராம்பாளும் அம்மேடையில் உருவான பெருங்குரல்கள். ஆயினும் 'நாடகப் பாட்டு' என்ற சொல் சங்கீத உலகில் இகழ்ச்சியாகவே வழங்கிற்று. கிட்டப்பாவின் குரலை வியப்போர் பலர். அக்குரல் பழக்கப்பட்ட முறையை ஆராய்ந்தோர் அரியர்.

மேற்கில் வியப்பு ஆய்வாக மாறியது. ஓபரா பாடகரின் குரலில் ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸ் பகுதியில் ஆற்றல் குவிவதை யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் காட்டினார். வாத்தியக் குழுவின் ஒலி அப்பகுதியில் தளர்வதால், தனிக்குரல் அதனை மீறிக் கேட்கிறது. ஆகவே அது கத்தல் அன்று. குரல்வழியின் வடிவைக் கட்டுப்படுத்தும் கல்வி.

ஒலிபெருக்கி தீங்கானது என்பதல்ல இங்குள்ள வழக்கு. மென்குரலுக்கும் நுண்ணிய அசைவுக்கும் அது இடம் தந்தது. ஆனால், அக்கருவியின் வருகைக்குப் பின் நிலைபெற்ற குரலையே தொன்மரபு எனக் கற்பிப்பது பிழை. அப்பிழையால், தன் குரல் தானாக எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறியாமலே மாணவர் பட்டம் பெற்றுவிடுகிறார்.

மதுரை வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் இன்றும் விடிய விடியப் பாடுகின்றனர். அவர்களுள் மூத்தோரின் பயிற்சி முறைகளைப் பதிவுசெய்வது இசைத்துறைகளின் உடனடிக் கடமை. அவர்களுக்குப் பின் கேட்டறிய எவரும் இரார். சௌடய்யா அரங்கிலும் ஆண்டுக்கு ஒரு கச்சேரியேனும் ஒலிபெருக்கியின்றி நடைபெறட்டும். பின்வரிசைக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்பதை மாணவர்கள் அங்கே அமர்ந்தே அறியலாம்.