சாவி யார் கையில்?

"எந்த ஆப்ல எழுதறீங்க?"

இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, புதிதாக எழுத வந்த தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மென்பொருள் வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடே கேட்கிறார்கள். நோஷனா, அப்சிடியனா, ஒர்க்ஃப்ளோயியா, இல்லை கூகுள் கீப்பே போதுமா? கேள்வியே தப்பு என்றால் முகம் வாடிவிடுகிறது. என்ன செய்ய, தப்புதான். இதே கேள்வியைக் கேட்டுக்கேட்டு ஐந்தாறு வருடம் ஆப் மாற்றித் திரிந்தவன் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் நாகல் நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறைகள் உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குச் சில வருடம் முன்பே, பூட்டுத் தொழிலைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதும் ஆசையில், வயதான ஒரு பூட்டுத் தொழிலாளியிடம் போய் உட்கார்ந்து பேசத் தொடங்கினேன். அவர் பேசப்பேச போனிலேயே ஓர் அவுட்லைன் ஆப்பில் குறிப்பெடுத்தேன். ஒரு வரி, அதற்குக் கீழே உள்ளே தள்ளி இன்னொரு வரி, அதற்கும் கீழே இன்னொன்று. நான் கேட்டது மேலே இருக்கும், அவர் சொன்னது ஒரு படி உள்ளே, எனக்குத் தோன்றியது இரண்டு படி உள்ளே. அழகாக இருந்தது. வண்ணம்கூடக் கொடுத்து வைத்திருந்தேன்.

ஒருநாள் அந்த ஆப்பை மூடப்போவதாக மின்னஞ்சல் வந்தது. குறிப்புகளை இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் தந்திருந்தார்கள். இறக்கினேன். எல்லா வரியும் வந்தது, ஒன்றும் குறையவில்லை. ஆனால் தள்ளி எழுதிய இடைவெளி முழுக்கப் போய்விட்டது. நூற்றுக்கணக்கான வரிகள் ஒரே மட்டத்தில் கிடந்தன. எது நான் கேட்டது, எது அவர் சொன்னது, எது என் ஊகம் என்று தெரியவில்லை. "இதை இனி யாரும் கத்துக்க மாட்டாங்க" என்று ஒரு வரி. அதைச் சொன்னது அவரா, நானா? கேட்கலாம் என்றால் அவர் அதற்குள் இறந்துவிட்டார்.

எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை இது. 2023 டிசம்பரில் எவர்நோட் தன் இலவசக் கணக்குகளை ஐம்பது குறிப்பு, ஒரு நோட்புக் என்ற அளவுக்குள் அடைத்தது. பழைய குறிப்புகளைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்கள் காசு கட்டாமல் புதிதாக ஒன்றுகூட எழுத முடியாது. அவர்கள் கடை, அவர்கள் விலை, அதைக் குறை சொல்லவில்லை. என் கோபம் நம் மீதுதான். திண்டுக்கல் பூட்டை வாங்கினால் சாவி நம் இடுப்பில் இருக்கிறது. ஆப்பில் சாவியை அவர்களிடமே கொடுத்துவிட்டு, தீம் கறுப்பா வெள்ளையா என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் எழுதுகிறவனுக்கு இந்த அனுபவம் புதிதும் இல்லை. ஒருங்குறிக்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள், இணையத்தில் திஸ்கி தனியாக ஓடியது, தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். கல்லூரியில் நான் எழுதிய முதல் கதையை இன்று திறந்தால் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். ஆனாலும் எழுத்துரு மாற்றியில் போட்டு அதை மீட்டுவிட்டேன். கதை சுமார்தான், விடுங்கள். மீட்க முடிந்ததற்கு ஒரே காரணம், கோப்பு என் கையில் இருந்தது.

ஏட்டுச்சுவடியும் அப்படித்தானே தப்பியது? ஓலை நைந்தால் பார்த்து இன்னோர் ஓலையில் எழுதிக்கொண்டார்கள். பிரதியெடுக்க ஓலை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பிரதி எடுக்கப்படாதது அழிந்தது. பலவற்றை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட கதையை உ.வே.சா. எழுதியிருக்கிறார்.

ஆப் ஒப்பீடுகள் தொடாத இன்னொன்று தேடல். 'பூட்டு' என்று தேடினால் 'பூட்டை', 'பூட்டின்' வராது. 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்' வராது. நம் மொழியில் வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் வாலே மாறிவிடுகிறது. எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் தேடலுக்கு இது புரியாது. இதோடு 'சொ' என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சரியாகக் கையாளாத தேடலுக்கு வேறு வேறு. வெறும் உரைக்கோப்பாக இருந்தால் 'குள' என்று வெட்டித் தேடலாம், ஒரு சின்ன நிரல் எழுதியும் தேடலாம். மூடிய ஆப்பில் அவர்கள் வைத்த தேடல்தான் தேடல். ஆயிரம் குறிப்பு சேர்த்தும் தமிழில் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாத இடத்தை 'இரண்டாவது மூளை' என்று எப்படிச் சொல்ல?

உடனே நிக்லாஸ் லூமனைக் கொண்டுவருவார்கள். ஜெர்மன் சமூகவியலாளர், சுமார் 90,000 சீட்டுகளை எண்ணிட்டு, ஒன்றோடொன்று கோத்துப் பெட்டிகளில் வைத்திருந்தவர். சரி, ஆனால் அது காகிதம். அவர் 1998இல் இறந்தார், பெட்டி இன்றும் திறக்கிறது. நோட்டுப் புத்தகமே போதும் என்கிற அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை: கரையான் எந்தப் பக்கத்தையும் பேக்கப் எடுத்துத் தராது.

என் மாமா வெங்காயக் கமிஷன் கடையில் கணக்கெழுதியவர். மூட்டை வரவர சிட்டையில் வந்த வரிசைப்படி எழுதுவார். சாயங்காலம் உட்கார்ந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார். மூட்டை இறங்கும்போதே பேரேட்டைத் திறந்தால் வேலைக்காகாது. நம் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு வரி எழுதுவதற்குள் ஏழு கோப்புறை, பன்னிரண்டு குறிச்சொல்.

இப்போது நான் வைத்திருப்பது நாளுக்கு ஒரு உரைக்கோப்பு. யார் பேசியது என்று ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பெயரை எழுதிவிடுகிறேன், இடைவெளியை நம்புவதில்லை. அந்தக் கோப்புகளைத் திறக்க இமேக்ஸும் ஆர்க்-மோடும் பயன்படுத்துகிறேன். நீங்கள் அப்சிடியனில் திறக்கலாம், அதுவும் உங்கள் கணினியிலேயே உரைக்கோப்பாகத்தான் வைக்கிறது. நாளை இரண்டும் போனாலும் நோட்பேடில் திறக்கும்.

போன மாதம் அந்தக் குழம்பிய வரிகளை அச்சடித்து, பூட்டுக்காரரின் மகனிடம் கொண்டுபோனேன். அப்பா பேசியதாகத் தெரிந்த வரிகளுக்கு டிக் போடச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பொறுமையாகப் படித்து நாற்பது, ஐம்பது வரிக்குப் போட்டார். "இனி யாரும் கத்துக்க மாட்டாங்க" வரியில் பேனாவை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தெரியலண்ணே" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார்.