வாலிபருக்கு வீண் வெட்கம் வேண்டாம்

வெயிலுக்குப் பேர்போன விருதுநகர், சிவகாசிச் சீமையில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்குவது சகஜம். ஆனால் சில வாலிபர்கள் கிணற்றடியில் குளிக்கக்கூடக் கூசுகிறார்கள். பெண்களுக்குப் போல் மார்பு பருத்திருப்பதே காரணம்.

இது யார் செய்த பாவமும் அல்ல. ஆணின் உடலிலும் பெண் ஹார்மோன் சிறிதளவு உண்டு. பருவ வயதில் அதன் விகிதம் மாறினால் மார்புச் சுரப்பி வளரும். பெரும்பாலும் 1, 2 வருஷங்களில் தானே வற்றிவிடும். ஆகவே சிறுவர்கள் விஷயத்தில் அவசரம் கூடாது. பெரியவர்களுக்கோ குடியால் கெட்ட ஈரல், சில மருந்துகள், தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசி ஆகியவை காரணமாகலாம். மார்பில் கெட்டியான கட்டியோ, காம்பில் ரத்தமோ கண்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஆண்களுக்கும் மார்புப் புற்று வருவதுண்டு.

வற்றாமல் நின்றுவிட்டால் ரண சிகிச்சை இருக்கிறது. கிரேக்க வைத்தியர் பால் 7-ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்திருக்கிறார். இன்று காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் சிறிது கீறிச் சுரப்பியை எடுக்கிறார்கள். கொழுப்பைக் குழாயால் உறிஞ்சுகிறார்கள். தழும்பும் ரத்தக்கட்டும் சிலருக்கு நேரலாம் என்பதையும் கேட்டறிந்தே சம்மதிக்க வேண்டும்.

பட்டாசுத் தீயில் வெந்த கைகளைச் சீராக்கும் பிளாஸ்டிக் சர்ஜரியைச் சிவகாசி நன்கறியும். இதுவும் அந்தக் கலையின் கிளைதான். வெந்த கைக்கு இரங்கும் ஊர், கூனிக் குறுகி நிற்கும் பிள்ளையைக் கேலி செய்யலாமா? விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. பெற்றோர் களிம்புக் கடையை விட்டு டாக்டரைத் தேடட்டும். மற்றவர்கள் வாயை அடக்கட்டும்.