குளிர் அறையில் வைத்த மாங்காய் கறுப்பது ஏன்?

கேள்வி: எங்களிடம் 40 பங்கனப்பள்ளி மரங்கள் உள்ளன. வீட்டில் எல்லோரும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போவதால், ஞாயிற்றுக்கிழமைதான் காய் பறிக்கிறோம். போன பருவத்தில் விலை இறங்கியதால், 30 கிரேட் காயைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்தோம். 20 நாள் கழித்து எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. இரண்டே நாளில் தோல் கறுத்து, சரியாகப் பழுக்காமல் சப்பென்று ஆகிவிட்டது. அறையில் குளிர் போதவில்லையா?
- வாசகி, பேரணாம்பட்டு.

பதில்: குளிர் போதாமல் இல்லை, நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் குளிர் கூடிப்போயிருக்கிறது. உருளைக்கிழங்கை 2 முதல் 4 டிகிரி குளிரில் வைக்கலாம். மா வெப்ப நாட்டுப் பயிர். அந்தக் குளிரை அது தாங்காது. 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் தோல் சாம்பல் நிறமாகிக் குழி விழும்; பழுக்கும் தன்மையே கெட்டுவிடும். இதைக் 'குளிர் பாதிப்பு' என்பார்கள். அறைக்குள் இருக்கும்வரை இது கண்ணுக்குத் தெரியாது. வெளியே எடுத்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும்.

மாங்காய்க்கு 12 முதல் 13 டிகிரி வெப்பநிலையும், 85 முதல் 90 சதவிகித ஈரப்பதமும் தேவை. ஈரம் குறைந்தால் காய் சுருங்கி எடை போகும். இப்படி வைத்தாலும் 2 முதல் 3 வாரம்தான் தாங்கும். ஆகவே, 15-ம் நாளே விற்பனைக்கு எடுத்துவிடுங்கள்.

பறிப்பிலும் கவனம் வேண்டும். காம்பைச் சுற்றித் தோள் புடைத்த, முற்றிய காய்களை மட்டும் பறியுங்கள். பிஞ்சுக்காய் குளிரில் சீக்கிரம் கெடும். ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் வலை கட்டிய தொரட்டியால், சிறிது காம்போடு பறியுங்கள். நிழலில் காம்பை ஒட்ட நறுக்கி, பால் வடியும்வரை கவிழ்த்து வையுங்கள். பால் பட்ட இடம் கருகும். அடிபட்டதைக் கழித்துவிட்டு, அன்றே கிடங்குக்கு அனுப்புங்கள். வெயிலில் கிடந்த காயின் சூடு, குளிர் அறையிலும் எளிதில் இறங்காது.

கிரேட்டுகளுக்கு இடையே காற்றுப் போக இடைவெளி விடச் சொல்லுங்கள். பழுத்த வாழை இருக்கும் அறையில் வைக்க வேண்டாம். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மாங்காயையும் பழுக்கவைத்துவிடும்.

எடுத்த பிறகு வைக்கோலில் பழுக்கவிடலாம். கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது, தொடவே வேண்டாம்.

குளிர் அறை, காயின் தரத்தைக் கூட்டாது. இருக்கும் தரத்தைச் சில நாள் காக்கும், அவ்வளவுதான். பணம் கட்டும் முன் அறையின் வெப்பமானியை நேரில் பாருங்கள். மாங்காய்க்குத் தனி அறை இல்லையென்றால், வாடகை கொடுத்துக் காயைக் கெடுப்பதைவிட, வந்த விலைக்கு விற்பதே லாபம்.