நாம் வாழும் நாடு: ஹொல்மென்கொல்லன் குன்று



ஒஸ்லோ நகரின் பல இடங்களில் நின்று பார்த்தால், வடமேற்கே மலைச்சரிவில் வானை நோக்கி வளைந்து நிற்கும் ஓர் இரும்புக் கட்டடம் தெரியும். புதிதாக வந்தோருக்கு அது பாதியில் நின்றுபோன பாலம் போலத் தோன்றலாம். அதுதான் ஹொல்மென்கொல்லன் ஸ்கீ பாய்ச்சல் தளம். காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு உச்சியிலிருந்து சறுக்கி வந்து, விளிம்பில் எம்பி, பறந்து சென்று கீழே பனிச்சரிவில் இறங்குவார்கள். தூரத்துக்கும் அழகுக்கும் புள்ளிகள் உண்டு.

இங்கு முதற்போட்டி 1892 ஜனவரி 31இல் நடந்தது. அன்றைய மிக நீண்ட பாய்ச்சல் 21.5 மீற்றர். இன்று 140 மீற்றருக்கும் அப்பால் பாய்கிறார்கள். பாய்ச்சல் நீள நீள, தளத்தையும் பல தடவை மாற்றிக் கட்டினார்கள். 1952 குளிர்கால ஒலிம்பிக்கின்போது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே திரண்டனர். எங்கள் ஊர்த் தேர்த் திருவிழா போன்றதொரு கூட்டம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

திருவிழா நின்றுபோன காலமும் உண்டு. 1940இல் ஜேர்மனியர் நோர்வேயைக் கைப்பற்றியபின், அவர்களின் ஆட்சியின் கீழ் விளையாட மாட்டோம் என்று விளையாட்டு வீரர்கள் போட்டிகளைப் புறக்கணித்தனர். 1941 முதல் 1945 வரை ஹொல்மென்கொல்லன் போட்டிகள் நடைபெறவில்லை. 1946இல் மீண்டும் தொடங்கியபோது, அது இவர்களுக்கு விடுதலையின் கொண்டாட்டமாகவும் இருந்தது.

இப்படி நினைவுகள் நிறைந்த அந்தத் தளத்தைத்தான் 2008 ஒக்ரோபரில் இடிக்கத் தொடங்கினார்கள். 2011 உலகப்போட்டிக்கு அது தகுதியற்றது என்று சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2005இல் கூறியதே காரணம். பழைய கொங்கிறீற்றுக் கோபுரம் போய், அதே இடத்தில் இரும்பால் புதிய தளம் எழுந்தது. 2010 மார்ச் 3ஆம் திகதி அதன் திறப்பு விழாவில் முதலில் பாய்ந்தவர் அனெட்டே சாகன் என்ற பெண். பெண்களுக்கான ஸ்கீ பாய்ச்சல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 2014இல்தான் என்பதை நினைத்தால், அந்தப் பாய்ச்சலின் பெறுமதி விளங்கும்.

கட்டடம் மாறியது, ஆனால் இடமும் பெயரும் கூடிவரும் வழக்கமும் மாறவில்லை. கோயிலைப் பிரித்துத் திருப்பணி செய்து கும்பாபிஷேகம் காணும் எமக்கு இது புதிதல்ல.

எம்மவர் பலர், "இதெல்லாம் பிறவியிலேயே வெள்ளையர்களுக்கு வருவது, எங்கள் பிள்ளைகளுக்குச் சரிவராது" என்று சொல்வதுண்டு. ஒரு சரித்திரத்தைப் பாருங்கள். 1905இல் நோர்வே சுவீடனிடமிருந்து பிரிந்தபோது, டென்மார்க் இளவரசர் ஒருவரை மன்னராகத் தெரிவுசெய்தது. இங்கிலாந்தில் பிறந்த அவருடைய மகனுக்கு அப்போது இரண்டே வயது. அலெக்சாண்டர் என்ற பெயர் ஊலாவ் என்று மாற்றப்பட்டது. அந்தப் பிள்ளை ஸ்கீ பழகி, 1922இலும் 1923இலும் இதே ஹொல்மென்கொல்லனில் பாய்ந்தது! பின்னர் மன்னர் ஐந்தாம் ஊலாவ் ஆனவர் அவர்தான். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாட்டால் வார இறுதியில் கார் ஓட்டத் தடை வந்தபோது, அவரும் மற்றவர்களைப் போல ரெயிலில் ஏறித்தான் ஸ்கீ ஓடப் போனார். வெளிநாட்டில் பிறந்தவரை இந்நாட்டு மக்கள் தம்மவராக நேசித்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

ஆகவே, பாடசாலையில் ஸ்கீ நாள் என்று கடிதம் வந்தால், "குளிர், விழுந்துவிடுவாய்" என்று பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். பலகைகள் விலை என்று தயங்கவும் வேண்டாம். விளையாட்டுச் சாமான்களை இலவசமாக இரவல் தரும் இடங்கள் பல ஊர்களில் உண்டு, ஆசிரியரிடம் கேளுங்கள். ஒஸ்லோவில் இருப்போர் ஒரு விடுமுறை நாளில் முதலாம் இலக்க ரெயிலில் ஏறி ஹொல்மென்கொல்லனில் இறங்குங்கள். 1923இல் தொடங்கிய ஸ்கீ அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. நாங்கள் பாயாவிட்டாலும், எங்கள் பிள்ளைகள் எந்த ஊரில் வளர்கிறார்கள் என்பதை அங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம்.