பல் வைத்தியர் வருமானமும் வரியும்

பல் வைத்தியக் கல்லூரியில் ஐந்து வருஷம் பயின்று பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் முதன்முதலில் கேட்கும் கேள்வி, எந்த ஊரில் தொழில் ஆரம்பித்தால் அதிக வருமானம் கிடைக்கும் என்பதே. இதில் குற்றம் காண்பதற்கில்லை. படிப்புக்குப் பெற்றோர் பட்ட கடனைத் தீர்க்க வேண்டியவர் அவர். ஆனால் இது அவருடைய சொந்த விஷயம் மாத்திரமன்று. வைத்தியர் எங்கே குடியேறுகிறாரோ அங்கேதான் சிகிச்சை கிடைக்கும். அவர் போகாத ஊரில் ஜனங்கள் வீங்கிய கன்னத்தோடு காலம் தள்ள வேண்டியதுதான். ஆகவே ஊருக்கு ஊர் வருமானம் ஏன் வேறுபடுகிறது, வரி போகக் கையில் மிஞ்சுவது என்ன என்பதைப் பொது விவகாரங்களில் கவலையுள்ள ஒவ்வொருவரும் ஆராய வேண்டும்.

முதலில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைக் கவனிப்போம். அங்கே மத்திய சர்க்காரின் வருமான வரி நாடெங்கும் ஒன்றே. அதன் உச்ச விகிதம் நூற்றுக்கு 37. ஆனால் அதற்கு மேல் ஒவ்வொரு ராஜ்யமும் தன் இஷ்டப்படி தனி வரி விதிக்கிறது. டெக்ஸாஸ், பிளாரிடா ஆகிய ராஜ்யங்களில் தனி மனிதர் வருமானத்துக்கு ராஜ்ய வரி கிடையாது. கலிபோர்னியாவிலோ வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலர் சம்பாதிக்கும் தனி மனிதர் தம் வருமானத்தின் மேற்பகுதிக்கு நூற்றுக்கு 9.3 வீதம் ராஜ்யத்துக்குச் செலுத்த வேண்டும். ஒரே தொழில், ஒரே வருமானம். எல்லைக் கோட்டுக்கு இப்புறமும் அப்புறமும் மிஞ்சும் தொகை வேறு.

அப்படியானால் கலிபோர்னியாப் பல் வைத்தியர்கள் யாவரும் டெக்ஸாஸுக்கு மூட்டை கட்டிவிட்டார்களா? இல்லை. வருமான வரி இல்லாத டெக்ஸாஸில் வீடு, மனைகளின் மீதுள்ள வரி அதிகம். வாடகையும் விலைவாசியும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. வைத்தியர்கள் நெருங்கியுள்ள நகரத்தில் நோயாளிகளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிடைக்கும் தொகையை மாத்திரம் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர் பாதிக் கணக்கையே பார்த்தவராவார். வரி, வாடகை, கடன் வட்டி, உதவியாளர் சம்பளம் ஆகிய அனைத்தும் போக நிற்பதே உண்மையான வருமானம்.

நம் தேசத்தில் நிலைமை வேறு. வருமான வரி மத்திய சர்க்காருக்கு உரியது; சென்னையில் இருப்பவருக்கும் ராமநாதபுரத்தில் இருப்பவருக்கும் விகிதம் ஒன்றே. இடத்துக்கு இடம் மாறக்கூடியது தொழில் வரி ஒன்றுதான். டில்லியிலும் ஹரியானாவிலும் அதுவும் கிடையாது. இருக்கும் இடங்களிலும் அரசியல் சாசனத்தின் 276-வது ஷரத்துப்படி வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்க முடியாது.

மேலும் ஒரு விசேஷம் உண்டு. சிறு வரவுள்ள வைத்தியர் முதலிய தொழிலாளர், தம் மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி செலுத்தலாம். விரிவான கணக்கு வைக்க வேண்டியதில்லை. 2025-ம் வருஷத்து பட்ஜெட்டில் புதிய வரி முறைப்படி 12 லட்ச ரூபாய் வரையுள்ள வருமானத்துக்கு வரி இல்லையென்று செய்யப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வைத்தியத்தைத் தவிர வேறு வருமானமின்றி, வருஷத்துக்கு 24 லட்ச ரூபாய் வரவுள்ள பல் வைத்தியர் வருமான வரியே செலுத்த வேண்டியதில்லை. ஆகையால் இளம் வைத்தியர்களில் பெரும்பாலோரைப் பொறுத்தவரை வரியைக் குறை கூறுவது வீண்.

பின் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? உதாரணமாக இரு வைத்தியர்களுக்கு வருஷத்துக்கு 20 லட்ச ரூபாய் வரவு என்று வைத்துக்கொள்வோம். பெருநகரத்தில் இருப்பவர் மாதம் 50,000 ரூபாய் வாடகை தருகிறார். தாலுகா ஊரில் இருப்பவர் 10,000 தருகிறார். வாடகையில் மாத்திரம் வருஷத்துக்கு 4,80,000 ரூபாய் வித்தியாசம். இருவருக்கும் வரி இல்லை. ஆயினும் தாலுகா ஊர்க்காரர் கையில் அவ்வளவு அதிகமாக நிற்கிறது. இந்தக் கணக்குப்படி வைத்தியர்கள் கிராமத்தை நோக்கி ஓட வேண்டுமே! ஓடவில்லை. காரணம், தாலுகா ஊரில் அந்த 20 லட்சம் வருவதில்லை. நாற்காலியும் கருவிகளும் எங்கே வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே விலை. சிகிச்சைக்கு ஜனங்கள் கொடுக்கக்கூடிய கூலியோ ஒன்றல்ல. வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற வழியிருந்தும், கூலிக்காரன், "பிடுங்கிவிடுங்கள், ஐயா" என்கிறான். அவனுக்குப் பல்லைக் காட்டிலும் அன்றைய அரிசி முக்கியம். வைத்தியர் அவனைக் குறை கூற முடியாது. அவனை நம்பிக் கடன் தவணையும் கட்ட முடியாது.

இதன் பலன் யாது? நகரத்தில் ஒரே வீதியில் பல பலகைகள் தொங்குகின்றன. தொழிலுக்கு வந்த இளைஞர் பிறரிடம் சொற்பச் சம்பளத்துக்கு அமர்கிறார். கிராமத்திலோ புகையிலை போடும் கிழவரின் வாயில் தோன்றும் வெள்ளைத் திட்டைப் பார்த்து எச்சரிக்க ஆளில்லை. வாய்ப் புற்றுநோயின் பாரம் உலகில் மிகுந்துள்ள தேசங்களில் நம்முடையதும் ஒன்று. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பிழைக்கக்கூடியவர்கள் நாள் கடந்து வந்து மடிகிறார்கள். வேலையற்ற வைத்தியனும் வைத்தியனற்ற நோயாளியும் ஒரே ஜில்லாவில் இருப்பது எவ்வளவு வெட்கக்கேடு!

1920-ல் டாக்டர் ரபியுதீன் அகமது கல்கத்தாவில் நம் தேசத்தின் முதல் பல் வைத்தியக் கல்லூரியை ஆரம்பித்தார். 1948-ல் பல் வைத்தியர் சட்டம் பிறந்தது. இன்று கல்லூரிகள் முந்நூறுக்கு மேற்பட்டுவிட்டன. வைத்தியர்களை உற்பத்தி செய்வதில் நாம் பின்வாங்கவில்லை. அவர்களைத் தேவையுள்ள இடத்தில் நிறுத்துவதிலேதான் தவறிவிட்டோம்.

சர்க்காரின் சொந்தச் சம்பள விதியையே பாருங்கள். 2024 ஜனவரி முதல் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு வீட்டு வாடகைப்படி பெருநகரத்தில் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 30, சிற்றூரில் 10. நகரத்து வாடகைக்கு ஈடு செய்வது நியாயமே. ஆனால் சிற்றூரில் நல்ல பள்ளிக்கூடமின்மைக்கும், மேற்படிப்புக்கு வசதியின்மைக்கும் ஈடு எங்கே? கிராமத்துக்குப் போகிறவனுக்குக் குறைந்த படி என்ற விதி இருக்கும்வரை, தியாகத்தைப் பற்றிய பிரசங்கம் செவியில் ஏறாது.

அமெரிக்காவைப் பல விஷயங்களில் பின்பற்ற வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. 1970-ல் அங்கே ஏற்பட்ட தேசிய சுகாதார சேவைப் படை, வைத்தியர் குறைந்த பிரதேசத்தில் ஊழியம் செய்யும் பல் வைத்தியரின் கல்விக் கடனை அடைக்கப் பணம் தருகிறது; அத்தொகைக்கு மத்திய வருமான வரியும் இல்லை. வரியையும் இடத்தையும் பொது நன்மைக்காக இணைக்கும் வழி இது.

நாம் வற்புறுத்துவது இவைதாம். தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் நிரந்தரமான பல் வைத்தியர் பதவி வேண்டும். கருவியில்லாத பெயர்ப் பதவி போதாது. ஐந்து வருஷம் கிராமத்தில் தொழில் செய்வோரின் கல்விக் கடனைச் சர்க்கார் ஏற்க வேண்டும். எளிய வட்டியில் கருவிக்கடன் தர வேண்டும். ஏழைகளின் சிகிச்சைக்குரிய கூலியைச் சர்க்கார் காலதாமதமின்றிச் செலுத்த வேண்டும். செலவு அதிகம் என்று சொல்வோர், முற்றிய புற்றுநோய்க்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

சட்டசபைப் பிரதிநிதிகளும் பொது ஊழியர்களும் தத்தம் தாலுகாவில் பல் வைத்தியர் எத்தனை பேர் என்று விசாரித்து அறியட்டும். அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சர்க்காரைக் கேட்கட்டும். கேட்காத ஊருக்கு எதுவும் வந்ததில்லை.